உதவி: ராணுவ டேங்க் மாடல், இடது பக்கம் ஓடல, அவசரம்

கோத்தகிரி_மணி:
வணக்கம். டேங்குக்கு ட்ரைவ் மாட்டியாச்சு. வலது பக்கம் சூப்பரா ஓடுது. இடது பக்கம் மோட்டார் உறுமுது, கை வைக்க முடியாத சூடு, ட்ராக்கை இழுக்கற பல்சக்கரம், அதான் ஸ்ப்ராக்கெட், அசையவே மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க. சீக்கிரம் சொல்லுங்க.

கிரீஸ்_கை:
கிரீஸ்தான். மலைக் குளிருக்குக் கெட்டி கிரீஸ் ஆகாது. கழுவிட்டு லேசான லித்தியம் கிரீஸ் போடுங்க.

வயரிங்_செல்வி:
எந்த டேங்க்? என்ன ஸ்கேல்? எத்தனை வோல்ட்? ட்ராக் போட்டாச்சா?

பழைய_ஃபிட்டர்:
தம்பி, இங்க யாரும் ஜோசியம் பாக்கறதில்ல. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

கோத்தகிரி_மணி:
ஷெர்மன், 1/6. முழுக்க அலுமினியம், ஸ்டீல். 24 வோல்ட். பக்கத்துக்கு ஒரு வார்ம் கியர் (ஸ்க்ரூ மாதிரி பல்லு) மோட்டார், அங்கிருந்து ரெண்டு ஷாஃப்டையும் இணைக்கற கப்ளிங், அப்புறம் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட். ட்ராக் போடல. ஸ்ப்ராக்கெட்டைக் கையால சுத்திப் பாத்தேன், ரெண்டு பக்கமுமே சுத்தல.

பழைய_ஃபிட்டர்:
வார்ம் கியரை ஸ்ப்ராக்கெட் பக்கமிருந்து கையால சுத்த முடியாதுங்கறது ஐடிஐ பையனுக்கே தெரியும்.

வயரிங்_செல்வி:
தெரிஞ்சா இங்க எதுக்குண்ணா வந்து கேக்கறாரு? மணி, ரெண்டு மோட்டார் ஒயரையும் கன்ட்ரோலர்ல இடம் மாத்திக் குடுங்க. அப்பவும் இடதுதான் மக்கர்னா கன்ட்ரோலர்ல பிரச்சனை இல்ல. நின்னுபோன மோட்டாருக்கு ரொம்ப நேரம் சப்ளை குடுக்காதீங்க, வைண்டிங் கருகிடும்.

ரயில்_பைத்தியம்:
ஷெர்மனுக்கு எஞ்சின் பின்னாடி, ஸ்ப்ராக்கெட் முன்னாடி. சரியாத்தான மாட்டியிருக்கீங்க? பல்லுல பல்லு உக்காந்தாத்தான் இழுக்கும். நம்ம மலை ரயில் ஊட்டி வரைக்கும் அப்படித்தான ஏறுது.

பழைய_ஃபிட்டர்:
ஊட்டி வரைக்குமா! பல் தண்டவாளம் கல்லாறுல ஆரம்பிச்சு குன்னூரோட முடிஞ்சுது. அதுக்கு மேல சாதா தண்டவாளம்.

ரயில்_பைத்தியம்:
குன்னூருக்கு மேல ஏத்தம் இல்லையாக்கும்? சின்ன வயசுலேர்ந்து போறேன் அதுல.

பழைய_ஃபிட்டர்:
ஏத்தம் இருக்கு, பல் இல்ல. கீழ 12 அடிக்கு ஒரு அடி ஏறுது, அதான் அங்க மட்டும் பல். அடுத்த தடவை குனிஞ்சு பாருங்க.

வயரிங்_செல்வி:
ரயில் பஞ்சாயத்தைத் தனியா வச்சுக்கங்க ரெண்டு பேரும்.

கோத்தகிரி_மணி:
ஒயர் மாத்தியாச்சு. அப்பவும் இடதுதான்.

அரவங்காடு_லேத்:
கப்ளிங்கைக் கழட்டிட்டு ஷாஃப்டை மட்டும் விரலால சுத்துங்க. இறுக்கமா இருந்தா பேரிங் ஹவுஸிங்கோட (பேரிங் உக்கார்ற கூடு) போல்ட்டு எல்லாத்தையும் அரைச் சுத்து தளர்த்துங்க. உடனே லேசாச்சுன்னா ஹவுஸிங் சாஞ்சு உக்காந்திருக்கு. ஆமா, பாடிக்குப் பெயின்ட் எப்படி அடிச்சீங்க?

கோத்தகிரி_மணி:
தளர்த்துனா ஜோரா சுத்துது! கோயம்புத்தூர்ல பவுடர் கோட்டிங் குடுத்தேன். வலது பக்கம் ஹவுஸிங் உக்கார்ற இடத்துல டேப் ஒட்டிட்டுப் பண்ணியிருக்காங்க, இடதுல டேப் இல்ல. அதுக்கும் இதுக்கும் என்னங்க?

அரவங்காடு_லேத்:
அதான் எல்லாமே. பவுடர் கோட்டிங் சாதாரணமா 60லேர்ந்து 100 மைக்ரான் வரும், ஒரே சீரா இருக்காது. ஒரு பக்கம் மேடா நின்னா, போல்ட்டை இறுக்க இறுக்க ஹவுஸிங் கோணும், ஷாஃப்ட் பேரிங்குல பிடிச்சுக்கும். மோட்டார் பாவம் என்ன பண்ணும். பேரிங்கை வெளிய எடுத்துட்டு, பெயின்ட் ரிமூவர் தடவி, ஹவுஸிங் உக்கார்ற முகத்தை வெறும் அலுமினியம் தெரியற வரைக்கும் சுத்தம் பண்ணுங்க. உளி வேண்டாம், கீறல் விழுந்தா அது வேற மேடு. துளைக்குள்ளயும் பெயின்ட் இருக்கான்னு பாருங்க. பேரிங்கைத் திரும்ப இறக்கும்போது வெளி வளையத்துல மட்டும் தட்டணும். உள் வளையத்துல தட்டுனா குண்டு பதிஞ்சு தடம் விழுந்துரும். போல்ட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, ஒவ்வொரு தடவையும் ஷாஃப்டைச் சுத்திப் பாத்துட்டு அப்புறம் கப்ளிங் போடுங்க.

ரயில்_பைத்தியம்:
குன்னூர்ல எஞ்சின் மாத்தறது எதுக்குன்னு இப்பத்தான் புரியுது. ஆனா சொல்ற விதம்னு ஒண்ணு இருக்கு ஃபிட்டர் சார்.

கோத்தகிரி_மணி:
சுத்தம் பண்ணி மாட்டிட்டேன், ஓடுது. லேத் அண்ணாவுக்கு நன்றி.

வயரிங்_செல்வி:
வீடியோ?

கிரீஸ்_கை:
கிரீஸ் மாத்துனீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க.