வெளிநாட்டுப் போனில் நம் ஊர் சிம் வேலை செய்ததா? அனுபவங்களைப் பகிருங்கள்

உப்புவெளியான்:
அமெரிக்காவிலிருந்து மைத்துனர் ஓர் ஐபோன் அனுப்பியிருந்தார். இங்கே இலங்கையில் டயலொக் நிறுவனத்தின் சிம்மைப் போட்டேன், ஏற்கவில்லை. மொபிட்டெல் சிம்முக்கும் அதே கதி. போன் பழுது என்று நினைத்து திருகோணமலை மத்திய வீதியில் ஒரு போன் கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி கழற்றவே இல்லை. செட்டிங்ஸில் ‘ஜெனரல்’, அதற்குள் ‘அபௌட்’ என்று போய், கீழே ‘கேரியர் லொக்’ என்ற வரியில் விரலை வைத்தார். போனை விற்ற நிறுவனம் தன் சிம் மட்டுமே ஓடும்படி போட்டுவைக்கும் பூட்டாம் அது. சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று அங்கே எழுதியிருந்தால்தான் எந்த நிறுவனத்தின் சிம்மும் ஓடுமாம். என் போனில் எழுதியிருந்தது நேர்மாறு.

“சிம்முக்கு அடியில் ஒரு மெல்லிய சில்லு வைத்து ஓட்டலாம் அண்ணை. ஆனால் அடுத்த அப்டேட் வந்தால் நின்றுவிடலாம், பிறகு என்னோடு சண்டைக்கு வரக்கூடாது” என்றார். விற்பனையைக் கெடுத்துக்கொண்டு உண்மை சொல்பவரை இந்தக் காலத்தில் எங்கே காண்பது? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மைத்துனரிடம் கேட்டபோதுதான் அவர் போனைத் தவணைக்கு வாங்கிய கதை வெளியே வந்தது. பாக்கி முழுவதையும் கட்டும்வரை விற்ற நிறுவனம் பூட்டைத் திறக்காது. அவர் கட்டி முடித்து விண்ணப்பித்தார். இங்கே வைஃபையில் இணைத்து வைத்திருந்தேன்; பூட்டுத் தானாகவே போய்விட்டது. சில்லுக்குக் கொடுத்திருந்தால் அந்தக் காசு வீண்.

திருமலை மருமகள்:
கனடாப் போன் என்றால் இந்தத் தலையிடி குறைவு. 2017 டிசம்பர் 1 முதல் அங்கே நிறுவனங்கள் பூட்டிய போனை விற்க முடியாது. பழைய போனையும் கேட்டால் காசு வாங்காமல் திறந்து கொடுக்க வேண்டும். பிரித்தானியாவில் 2021 டிசம்பரில்தான் அந்தத் தடை வந்தது. லண்டன் மாமி அலமாரியில் கிடந்த பழைய போனைத் தூக்கித் தந்தால் வாங்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். மாமி கோபித்தாலும் பரவாயில்லை.

கொட்டியாரம்:
பூட்டு இல்லை என்றதும் எல்லாம் சரி என்று துள்ளாதீர்கள். அண்ணா அமெரிக்காவிலிருந்து அப்பாவுக்கு அனுப்பிய போன் முழுக்கத் திறந்ததுதான். மூதூர் கடைத்தெருவில் இன்டர்நெட் பறந்தது. அழைப்பு எடுத்தால் மட்டும் துண்டித்துவிடும். குடாவுக்குள் தோணி கொஞ்சம் தள்ளிப் போனதும் சிக்னலே இல்லை. பக்கத்துத் தோணிக்காரர் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் செருகியிருந்த பொத்தான் போனோ மணியடித்துக்கொண்டே இருக்கும்! அப்பாவுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

காரணம் அலைவரிசை. நம் நாட்டில் 2ஜி ஓடுவது 900, 1800 மெகாஹேர்ட்ஸில். அமெரிக்காவில் அது ஓடியது 850, 1900 இல். அலைவரிசை எண் குறையக் குறைய அலை தூரம் போகும். அந்தப் போனில் 4ஜிக்கு 1800 இருந்தது, 900 இல்லை. கரையில் இன்டர்நெட் கிடைத்ததும் கடலில் கைவிட்டதும் அதனால்தான். 4ஜி வழியாகவே பேசும் வோல்ட்டி வசதியும் நம் நிறுவனத்தோடு அதற்குப் பொருந்தவில்லை. பேச வேண்டுமென்றால் பழைய 2ஜிக்கு இறங்க வேண்டும், நம் நாட்டு 2ஜி அலைவரிசைகள் அந்தப் போனில் இல்லை. இதை எந்தக் கடையிலும் ‘அன்லொக்’ செய்து திருத்த முடியாது. மாடல் எண்ணை இணையத்தில் தேடி, அது பிடிக்கும் 4ஜி அலைவரிசைகளின் ‘பாண்ட்’ எண் பட்டியலில் 3, 8 இரண்டும் இருக்கின்றனவா என்று முதலே பாருங்கள். 3 என்றால் 1800, 8 என்றால் 900. ஒரே போன் நாட்டுக்கு நாடு வேறு மாடல் எண்ணில் வருவதால் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாந்துவிடுவீர்கள்.

நிலாவெளிவாசி:
போனை விடுங்கள், ரவுட்டர் கதை தெரியுமா? ஒரு நிறுவனம் சலுகை விலையில் தந்த 4ஜி ரவுட்டர் எங்கள் பக்கம் நத்தையாய் ஊர்ந்தது. வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் ஏற்கவே இல்லை. வாங்கும்போது இந்தப் பூட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பூட்டில்லாத ஒன்றை முழு விலைக்கு வாங்கினேன்.

உப்புவெளியான்:
@கொட்டியாரம், அப்பாவுக்கு இப்போது என்ன போன்? இன்னொன்று: யாரிடமாவது பழைய போன் வாங்குவதாக இருந்தால் *#06# அழுத்தி வரும் 15 இலக்க எண்ணை, முன்னால் ஐஎம்இஐ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் இடைவெளியும் விட்டு 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். பூட்டைப் பற்றி அது சொல்லாது.

கொட்டியாரம்:
பொத்தான் போன்தான், பக்கத்துத் தோணிக்காரருடையதைப் போலவே. அமெரிக்கப் போனில் அம்மா வைஃபையில் நாடகம் பார்க்கிறார்.