மறு: கண்டன்சருக்குத் தமிழில் என்ன சொல்? - பழைய சென்ட்ரல் ஏசியை மாற்றும் கையேடு

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய சென்ட்ரல் ஏசியை மாற்றுவது பற்றி நாம் எழுதும் கையேட்டில் கண்டன்சருக்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது, ஒடுக்கியா சுருக்கியா என்பதிலேயே இழை சுற்றிக்கொண்டிருக்கிறது. இலக்கணப்படி இரண்டும் சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கையேட்டைக் கையில் எடுக்கப்போகிறவர் பொறியியல் மாணவர் இல்லை. பதினைந்து இருபது வருடம் ஓடிய சென்ட்ரல் ஏசி நல்ல வெயில் நாளில் நின்றுபோய், பழுது பார்ப்பதா முழுசாக மாற்றுவதா என்று தெரியாமல் நிற்கும் வீட்டுக்காரர். மெக்கானிக் வந்து திறந்து பார்த்துவிட்டு "கண்டன்சர் போயிடுச்சுங்க" என்கிறார். இவர் தலையாட்டுகிறார். எது போயிற்று என்பது இவருக்குத் தெரியாது, கேட்கவும் சொல் இல்லை.

அந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று பொருள் இருக்கிறது. சீலிங் ஃபேன் காலத்திலிருந்தே நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் மோட்டாரைச் சுழலவைக்க உதவும் கெப்பாசிட்டரைத்தான் கண்டன்சர் என்கிறார்கள். அது அவர்கள் தவறும் இல்லை, வோல்டா 1782-இல் வைத்த பழைய பெயரே அதுதான். இரண்டாவது, வெளியே இருக்கும் பெட்டியைச் சுற்றி வளைந்து நிற்கும் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் சேர்ந்த சுருள். மூன்றாவது, அந்தப் பெட்டி முழுவதையுமே கண்டன்சர் என்று சொல்லும் வழக்கம், அதாவது சுருள், கம்ப்ரஸர், விசிறி, கெப்பாசிட்டர் எல்லாம் சேர்த்து. முதலாவது கொஞ்ச நேரத்தில் முடிகிற வேலை. மூன்றாவது ஏறக்குறைய பாதி அமைப்பையே தூக்கி மாற்றுவது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் வீட்டுக்காரர் எதற்குச் சம்மதிக்கிறார் என்று அவருக்கே தெரியாது. அதனால் நமக்கு வேண்டியது ஒரு சொல் அல்ல, மூன்று சொற்கள்.

> பாடநூலில் கெப்பாசிட்டருக்கு மின்தேக்கி என்று இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமே

வைத்துக்கொள்ளலாம், முழு ஆதரவு. இலங்கை நண்பர்கள் கொள்ளளவி என்கிறார்கள், அதையும் அகரவரிசைச் சொற்பட்டியலில் சேர்த்து மின்தேக்கிக்குத் திருப்பிவிடுவோம். ஆனால் சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு நகரக்கூடாது, அந்தப் பொருளையும் காட்டவேண்டும். பல வெளிப்பெட்டிகளில் இருப்பது கைக்குள் அடங்கும் அலுமினிய உருளை, தலையில் மூன்று முனைகள்: ஒன்று பொது, ஒன்று விசிறிக்கு, ஒன்று கம்ப்ரஸருக்கு. உடம்பில் 45/5 என்று அச்சிட்டிருந்தால் 45 மைக்ரோஃபாரட் (மின்தேக்கியின் கொள்ளளவை அளக்கும் அலகு) கம்ப்ரஸருக்கு, 5 விசிறிக்கு என்று அர்த்தம். மேல் மூடி தட்டையாக இருக்கவேண்டும், உப்பிக்கொண்டு நின்றால் அதன் கதை முடிந்தது (சில சமயம் உப்பாமலே போய்விடும், அப்போது மீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும்). வெளிப்பெட்டி உறுமுகிறது, விசிறி மட்டும் சுற்றவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் இதில் மின்னூட்டம் தங்கியிருக்கும், பழக்கமில்லாதவர் கை வைக்கக்கூடாது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடவேண்டும்.

அடுத்து சுருள். இங்கேதான் எனக்கும் மற்றவர்களுக்கும் கருத்து வேறுபாடு. சுருக்கி என்ற சொல்லை நான் எதிர்ப்பதற்குக் காரணம், அதே பெட்டிக்குள் உண்மையிலேயே சுருக்குகிற வேலையைச் செய்வது கம்ப்ரஸர். வளிமத்தை அமுக்கிச் சிறிதாக்குவது அதுதான். வீட்டுக்காரர் சுருக்கி என்றதும் கம்ப்ரஸரைத்தான் நினைப்பார், நினைப்பதில் நியாயமும் உண்டு. ஒடுக்கி என்றால் இந்தக் குழப்பம் இல்லை, இலங்கைப் பாடநூல் மரபும் அதற்குத் துணை இருக்கிறது. ஆனால் இயற்பியல் படிக்காத ஒருவருக்கு ஒடுக்கி என்பதிலிருந்து அங்கே என்ன நடக்கிறது என்று ஊகிக்கவே முடியாது.

என் பரிந்துரை: திரவமாக்கி. வீட்டுக்குள் இருக்கும் சுருளுக்கு ஆவியாக்கி என்பதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். உள்ளே திரவம் ஆவியாகிறது, ஆகும்போது அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியே அதே ஆவி திரவமாகிறது, ஆகும்போது எடுத்த வெப்பத்தை விட்டுவிடுகிறது. உள்ளே ஆவியாக்கி, வெளியே திரவமாக்கி. இந்த இரண்டு சொற்களைச் சொன்னாலே ஏசி எப்படி வேலை செய்கிறது என்பதில் முக்கால் பங்கு சொல்லியாயிற்று. நீர்மமாக்கி என்று சொன்ன நண்பரின் தனித்தமிழ்ப் பற்றை மதிக்கிறேன், ஆனால் நீர் என்ற ஒலி கேட்டதும் தண்ணீர் என்று எடுத்துக்கொள்வார்கள், ஏற்கெனவே ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தவர்கள் வேறு. இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலைக்கும் இதே சொல் வருமே என்ற ஆட்சேபணை நியாயமானது. அதை எரிவாயுத் திரவமாக்கி என்று அடைகொடுத்து எழுதிக்கொள்ளலாம், வீட்டு ஏசி பேசும் இடத்தில் அது குறுக்கே வரப்போவதில்லை.

முழுப் பெட்டிக்கு வெளிப்பெட்டி போதும். அலகு, தொகுதி எல்லாம் வேண்டாம்.

இனி, இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று, ஆனால் மாற்றும்போது அதிகம் ஏமாறும் இடம். வெளிப்பெட்டியும் உள்ளே இருக்கும் ஆவியாக்கியும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. விளம்பரத்தில் போடும் திறன் அளவு அந்த ஜோடிக்கு உரியது, வெளிப்பெட்டிக்கு மட்டும் உரியது இல்லை. செலவைக் குறைக்கிறேன் என்று வெளிப்பெட்டியை மட்டும் புதிதாக வைத்துப் பழைய ஆவியாக்கியை விட்டுவைத்தால் வாங்கிய திறன் கைக்கு வராது. பழசு ஆர்-22 என்ற பழைய வகைக் கேஸில் ஓடும் அமைப்பாக இருந்தால் இன்னும் மோசம்: அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் ஓடுவது, எண்ணெயும் வேறு வகை, திரவத்தை அளந்து விடும் வால்வும் வேறு. இதற்கு ஒரு சொல் வேண்டும். பொருத்தச் சோடி, ஒத்த இணை என்று யோசித்தேன். இணைப்பெட்டிகள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. "இணைப்பெட்டியா தருகிறீர்கள், இல்லை வெளிப்பெட்டி மட்டுமா?" என்று வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டாலே போதும், எதிரில் இருப்பவர் விளக்கம் சொல்லியே ஆகவேண்டும்.

அப்புறம் ஏசிக்குள் ஓடிக் குளிர்விக்கும் அந்த "கேஸ்". அதற்குக் குளிரூட்டி என்று வைத்திருக்கிறோம், ஆனால் செய்தித்தாளில் ஏசி எந்திரத்துக்கே குளிரூட்டி என்றுதான் எழுதுகிறார்கள். "குளிரூட்டியில் குளிரூட்டி குறைந்துவிட்டது" என்ற வாக்கியத்தைக் கையேட்டில் அச்சடிக்க முடியாது. கேஸ் என்றே விட்டுவிடலாம் என்றால் அதிலும் ஒரு தொல்லை, சமையல் சிலிண்டரில் இருப்பதுபோல எரிந்து தீரும் பொருள் என்று நினைத்து வருடாவருடம் நிரப்பிக்கொள்கிறார்கள். இது அப்படி எரிந்து செலவாகும் பொருள் இல்லை. மூடிய சுற்றுக்குள் ஆவியாகித் திரவமாகித் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள், கசிவை அடைக்காமல் நிரப்புவது காசைக் காற்றில் விடுவது.

திண்மம், நீர்மம், வளிமம் என்ற வரிசையில் குளிர்மம் என்று வைக்கலாமா? சிறிய சொல், எந்திரத்தோடு குழம்பாது, ஆர்-22 குளிர்மம், ஆர்-32 குளிர்மம் என்று இயல்பாக ஒட்டுகிறது. மாற்றுவதா வேண்டாமா என்ற முடிவில் இதற்குப் பெரிய பங்கு இருப்பதால் நல்ல சொல் கட்டாயம் வேண்டும். ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது, 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்தும் கெடு வளர்ந்த நாடுகளுக்கு 2020, வளரும் நாடுகளுக்கு 2030. ஆகவே கசியும் ஆர்-22 அமைப்பைத் திரும்பத் திரும்ப நிரப்புவதில் எதிர்காலம் இல்லை. அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் புவி வெப்பமாக்கும் ஆற்றல் கார்பன் டை ஆக்சைடைப்போல 2,088 மடங்கு. ஆர்-32-க்கு அது 675, ஆர்-454பி-க்கு 466. புதிய இரண்டும் இலேசாகத் தீப்பற்றக்கூடியவை என்பதால், அவற்றுக்கென வடிவமைத்த பெட்டியில்தான் போடவேண்டும், பழைய பெட்டியில் ஊற்றிப் பார்க்கும் விஷயம் இல்லை. மேலே எரிந்து செலவாகாது என்று எழுதியதற்குத் தீயே பற்றாது என்று பொருள் இல்லை, கையேட்டில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதவேண்டும்.

டன் பற்றி ஒரு வரி. அதற்குப் புதுச்சொல் வேண்டாம், டன் என்றே இருக்கட்டும், விளக்கம் மட்டும் சேர்ப்போம்: ஏறக்குறைய 907 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் வெப்பத்தை அகற்றும் வேகம், சுமார் 3.5 கிலோவாட். எந்திரத்தின் எடை இல்லை. பழசு 3 டன் என்பதால் புதுசும் 3 டன், எதற்கும் இருக்கட்டும் என்று 4 டன், இந்தப் பேச்சுக்கு இடமே கொடுக்கக்கூடாது. ஜன்னல், கூரையின் வெப்பக் காப்பு, காற்றுக்குழாய்க் கசிவு எல்லாவற்றையும் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் அளவு சொல்லவேண்டும். தேவைக்கு மேல் பெரிய எந்திரம் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரப்பதத்தை எடுக்க நேரம் இருக்காது, குளிராகவும் இருக்கும் கசகசவென்றும் இருக்கும். இந்தக் கணக்குக்கு வெப்பச்சுமைக் கணக்கு என்று யாரோ முன்பே எழுதியிருந்தார்கள், அதைவிட நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை. அடிக்கடி நின்று ஓடுவதற்குக் குறுஞ்சுழற்சி என்று வந்திருக்கிறது. விசிறி சுழல்வதாக நினைப்பார்கள், "விட்டுவிட்டு ஓடுதல்" என்றே எழுதுவோம்.

ஆக வரைவில் மின்தேக்கி, திரவமாக்கி, வெளிப்பெட்டி, இணைப்பெட்டிகள், குளிர்மம் ஆகியவற்றை இப்போதைக்குப் போட்டுவைக்கிறேன். ஒடுக்கியை அகரவரிசையில் மாற்றுச்சொல்லாகக் காட்டுவேன். இவற்றில் எனக்கே கொஞ்சம் தயக்கம் இருப்பது இணைப்பெட்டிகள் மேல்தான், இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கவேண்டும் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று. வேறு சொல் இருப்பவர்கள் அனுப்புங்கள். களத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் இந்த இழையில் இருந்தால், வாடிக்கையாளரிடம் இந்த ஐந்தையும் சொல்லிப் பார்த்து எதில் முழிக்கிறார்கள் என்று எழுதினால், இங்கே நாம் வாக்கெடுப்பு நடத்துவதைவிட அது உதவும்.

அன்புடன்