மறு: பாறையேறும் ரிமோட் வண்டிக்கு வீட்டுக்குள் போடும் களம், தமிழில் எப்படிச் சொல்வது?

> ஐயா, 'தடையோட்டக் களம்' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். அதையே வைத்துக்கொள்ளலாமே?

தம்பி, எனக்கு அது ஒட்டவில்லை. தடையோட்டம் என்றால் பள்ளி விளையாட்டு விழாவில் கட்டையைத் தாண்டித் தாண்டி ஓடுவது. இந்த வண்டிக்கு ஓட்டமே கிடையாதே! ராக் கிராலர் என்கிற இது, ஆள் நடப்பதைவிட மெதுவாகத்தான் கல்மேல் ஏறும். பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டியிருப்பார்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது இழுக்க வேண்டும் என்று, இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலைப் பூட்டியே விட்டிருப்பார்கள். போட்டியிலும் முந்திப் போனவருக்கு மாலை இல்லை. நட்டு வைத்த இரண்டு குச்சிகளுக்கு நடுவே நுழைய வேண்டும். குச்சியில் பட்டால் தண்டப் புள்ளி, வண்டியைப் பின்னால் எடுத்தாலும் தண்டப் புள்ளி. குறைவாக வாங்கியவர் ஜெயித்தவர். கல்லைத் தடை என்று சொல்லி ஒதுக்கிவிட்டால் அப்புறம் விளையாட என்ன இருக்கிறது?

> வண்டியைத் 'தவழி' என்று சொல்லலாமா?

முட்டி தேயத் தவழ்வது குழந்தை. நம்மிடம் 'ஊர்தி' இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோம். 'சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான்' என்று குறளில் வருவதோ பல்லக்கில் ஏறிப் போகிறவனை. மெல்ல நகர்வதும் ஏறிப் போவதும் ஒரே வினையில் கிடக்கின்றன. பாறையூர்தி. முடிந்தது.

> சரி, அப்போது களத்துக்கு?

அதற்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும். பேரன் வைத்திருப்பது நிஜ வண்டியில் 24-இல் ஒரு பங்கு அளவு வண்டி. ஒரு சாண் நீளம்தான். யானைமலை அடிவாரத்தில் விட ஆசைப்பட்டான். சித்திரை வெயிலில் அந்தப் பாறையில் யார் கால் வைப்பது? மாடி அறையில் எட்டுக்கு ஆறு அடியில் பிளைவுட் பலகை அடித்து, தெர்மோகோலை மலை மாதிரி செதுக்கி அடுக்கினோம். கல் நிறம் வரட்டும் என்று ஸ்ப்ரே பெயிண்டை அடித்தேன். தண்ணீர் பட்ட பஞ்சுமிட்டாய் போல மலை உள்வாங்கிவிட்டது. பெயிண்டில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுபடி அடுக்கி, மேலே கோழிவலை போர்த்தி, சிமெண்ட் பூசத் தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட்டேன். நல்ல வேலைக்காரர். வழவழப்புக்கே கூலி வாங்கிப் பழகிய கை. சிமெண்ட் பால் விட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிட்டார். வண்டி முதல் சரிவிலேயே நின்ற இடத்தில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. மறுநாள் வந்து, தலையைச் சொறிந்துகொண்டே இன்னொரு பூச்சுப் பூசி, அது காய்வதற்குள் மணலைச் சலித்துத் தூவினார். அங்கங்கே நிஜக் கல்லும் சரளையும் அழுத்திப் பதித்தார். காய்ந்தபின் உள்ளங்கையால் தடவினால் தோல் இழுத்தது. வண்டி நடு மேடு வரை ஏறியது.

கிளம்பும்போது கொத்தனார் சொன்னார்: "என்ன சார், காசு குடுத்து வீட்டுக்குள்ள கல்லாங்குத்தை உண்டாக்கி வச்சிருக்கீங்க!"

எனக்குச் சுருக்கென்றது. மேலூர்ப் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன் நான். கிராமத்து நில விவரம் எழுதும் 'அ' பதிவேட்டில் எத்தனை புல எண்ணுக்கு எதிரே 'கல்லாங்குத்து' என்று என் கையால் எழுதியிருப்பேன்! கல் தலைநீட்டிக்கொண்டு நிற்கும், ஏர் இறங்காத நிலம். ஆடு மட்டும் ஏறும். இந்த வண்டிக்கு வேண்டியதும் அதேதான். ஆகவே கல்லாங்குத்து, வீட்டுக்குள் போட்டால் உள்ளரங்கக் கல்லாங்குத்து.

> சென்னைக்காரர்களுக்கு 'குத்து' என்றால் குத்துச்சண்டைதான் நினைவு வரும்.

வரட்டுமே. குத்துக்கல், செங்குத்து என்று பக்கத்திலேயே சொந்தக்காரச் சொற்கள் இருக்கின்றன. இரண்டு தடவை கேட்டால் பழகிவிடும். ஆனால் களத்துக்கு நீங்கள் முன்பு சொன்ன 'செயற்கை இடர்ப்பாட்டுத் தடம்' எத்தனை தடவை கேட்டாலும் அரசாணை வாசனைதான் அடிக்கும். அந்த வாசனை எனக்குத் தெரியாததா?

கூட வரும் சின்னச் சொற்களையும் இங்கேயே வைத்துவிடுகிறேன். குச்சிகளுக்கு நடுவே நுழையும் இடம் 'வாசல்' போதும். புறப்படும் முதல் வாசலை எங்கள் பையன்கள் வாடிவாசல் என்கிறார்கள். அலங்காநல்லூர்க் காற்று, தடுக்க முடியாது. முன்சக்கரம் மேட்டைத் தாண்டி, பின்சக்கரம் ஏறுவதற்குள் வண்டியின் வயிறு கல்லில் உட்கார்ந்துவிடுகிறதே, அதற்கு லாரி ஓட்டுநர்கள் 'அடி தட்டுது' என்பார்கள். அப்படித் தட்டாமல் எவ்வளவு கூர்மையான மேட்டைக் கடக்கலாம் என்ற அளவை 'அடிதட்டுக் கோணம்' எனலாம்.

ஒன்றுதான் இன்னும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பள்ளத்தில் ஒரு சக்கரமும் கல்மேல் ஒன்றுமாக அச்சு முறுக்கிக்கொண்டு போகும் அந்த வளைவுத்திறனுக்கு என்ன சொல்வது? பேரன் 'கால் தூக்குது' என்கிறான். அதைக் கேட்டாலே வீட்டில் நாயை நினைத்துச் சிரிக்கிறார்கள். வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள் தம்பி.