தொழிலைக் குறிக்கும் யூதக் குடும்பப் பெயர்கள்: ஜெர்மன் அறிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. ஜெர்மன் குடும்பப் பெயர்களில் தொழிலைக் குறிப்பவை பற்றிப் படித்து வருகிறேன். முல்லர் மாவாலைக்காரர், ஷ்மிட் கொல்லர், வேபர் நெசவாளர். இவை இடைக்காலத்தின் பிற்பகுதியில் நிலைத்தவை, அதிகம் குழப்பமில்லை.

யூதர்கள் விஷயம் வேறு. முன்பு பெரும்பாலானோர் தந்தை பெயரைச் சேர்த்தே அழைக்கப்பட்டார்கள். 1787இல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் யோசேப்பு நிலையான ஜெர்மன் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினார். வட ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் அது 1812இல் வந்தது. அப்போது பலருக்குத் தொழிலே பெயரானது. தையல்காரர் ஷ்னைடர் ஆனார்; கிழக்கே போனால் அவரே கிராவிட்ஸ், போர்ட்னாய், ஹயாட். சமயப் பணிகளும் பெயர்களாயின: யூத சமய விதிப்படி ஆடுமாடுகளை அறுப்பவர் ஷெக்டர், தொழுகையில் பாடி நடத்துபவர் கான்டர். எனக்கு மிகப் பிடித்தது ஷுல்க்லாப்பர். விடியற்காலையில் வீடு வீடாகக் கதவைத் தட்டித் தொழுகைக்கு எழுப்பியவர் அவர். ஒரு சிற்றூரின் அன்றாட வாழ்க்கையே அந்தப் பெயருக்குள் இருக்கிறது!

சிக்கல் மையர் போன்ற பெயர்களில்தான். ஜெர்மன் குடும்பத்தில் அது பண்ணை மேலாளரைக் குறிக்கும். யூதக் குடும்பத்தில் மெயிர் என்ற எபிரேயப் பெயரிலிருந்து வந்திருக்கலாம். ஷ்னைடரும் இரு தரப்பிலும் உண்டு. சரி, பழைய பதிவேட்டில் வெறும் பெயர் மட்டும் இருந்தால் எப்படிப் பிரித்தறிவது? முன்பெயரும் ஊரும் போதுமா? பெயர் பதிந்த நாளில் அவர் அந்தத் தொழிலைத்தான் செய்தாரா என்பதை எந்த ஆவணத்தில் தேடலாம்? கலீசியப் பகுதிப் (இன்றைய தென்கிழக்குப் போலந்து, மேற்கு உக்ரைன்) பதிவேடுகளைப் பார்த்தவர்கள், பழைய ஜெர்மன் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.