நோட் 9 ப்ரோ என்றால் எந்த நோட் 9 ப்ரோ?

வடவாற்றங்கரை:
நாங்கள் மன்னார்குடிப் பக்கம். வீட்டுக்காரர் துபாயிலிருந்து வரும்போது எடுத்து வந்த போன் களத்துமேட்டில் விழுந்து டிஸ்பிளே உடைந்துவிட்டது. பின்பக்க கேமராவும் கலங்கலாகத் தெரிகிறது. செட்டிங்ஸில் ரெட்மி நோட் 9எஸ் என்று இருக்கிறது. கடையில் கேட்டால் அப்படி ஒரு போனே கிடையாது என்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போட இந்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும். என்ன மாடல் என்று சொல்லி சாமான் கேட்பது?

கடைமடை:
அக்கா, செட்டிங்ஸில் என்ன பேர் இருக்கிறதோ அதுதான் மாடல். 9எஸ் என்றால் 9எஸ். 9 ப்ரோ சாமான் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் போனைக் கையில் கொடுக்காதீர்கள். நோட் 9 ப்ரோவில் கேமரா 64 மெகாபிக்சல், உங்களுடையது 48. இரண்டும் வேறு. மாடல் நம்பர் அது இது என்று கேட்பதெல்லாம் சர்வீஸ் கடைக்காரர்கள் காசு பிடுங்கப் பண்ணுகிற வேலை.

வெண்ணாறு:
இதைப் படித்துவிட்டு சும்மா போக முடியவில்லை. திருவாரூரில் சர்வீஸ் டேபிளில் உட்கார்ந்து பிழைக்கிறவன் நான். காசு பிடுங்குகிற வேலை என்று போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போகிறார்.

அக்கா, நீங்கள் கவனமாகக் கேளுங்கள். 2020 மார்ச்சில் இந்தியாவில் நோட் 9 ப்ரோ என்று ஒரு போன் வந்தது. ஸ்னாப்டிராகன் 720ஜி, 5020 எம்ஏஎச் பேட்டரி, 48 மெகாபிக்சல். அதே போனை வெளிநாட்டில் நோட் 9எஸ் என்று விற்றார்கள். அதாவது உங்கள் 9எஸ்தான் நம் ஊர் 9 ப்ரோ. வெளிநாட்டில் 9 ப்ரோ என்று விற்றது வேறு போன், அதில்தான் 64. நம் ஊரில் அதற்குக் கிட்டத்தட்டச் சமம் 9 ப்ரோ மேக்ஸ். கடையில் "இந்தியா நோட் 9 ப்ரோ" என்று கேளுங்கள், சாமான் கிடைக்கும்.

கடைமடை:
என் கையில் இருப்பதே நோட் 9 ப்ரோதான், சார். அண்ணன் அபுதாபியிலிருந்து கொடுத்தனுப்பினது. கேமராவைத் திறந்தால் 64 என்று தனியாகவே இருக்கிறது. கண்ணால் பார்ப்பதை நம்புவதா, நீங்கள் சொல்வதை நம்புவதா? நோட் 9 ப்ரோ 64 மெகாபிக்சல்.

வெண்ணாறு:
உங்கள் கையில் இருப்பது வெளிநாட்டு 9 ப்ரோ என்றுதானே நானும் எழுதியிருக்கிறேன். அதில் 64 இல்லை என்று எங்கே சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள். இந்தியாவில் விற்ற 9 ப்ரோவில் 48.

செட்டிங்ஸில் அபவுட் போன், அதில் ஆல் ஸ்பெக்ஸ் உள்ளே போய் மாடல் என்ற இடத்தைப் பாருங்கள். இந்திய 9 ப்ரோ என்றால் எம்2003ஜே6ஏ1ஐ. அக்காவுடைய 9எஸ் எம்2003ஜே6ஏ1ஜி. கடைசி எழுத்து மட்டும்தான் மாறும், இந்தியாவுக்கு ஐ, வெளிநாட்டுக்கு ஜி. உங்களுடையது எம்2003ஜே6பி2ஜி என்று இருக்கும். நடுவில் ஏ எங்கே, பி எங்கே? பேர் எப்படி வேண்டுமானாலும் மாறும். அபவுட் போனில் மேலே தெரிகிற டிவைஸ் நேமை நீங்களே ஐபோன் என்று மாற்றி வைக்கலாம், போன் மறுக்காது. மாடல் நம்பரை அப்படித் தட்டி மாற்ற முடியாது.

குடமுருட்டி:
இவ்வளவு சண்டை எதற்கு அண்ணே? *#06# அடித்தால் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ வரும். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று தட்டி, ஒரு இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422க்கு அனுப்பினால் என்ன கம்பெனி, என்ன மாடல் என்று பதில் வந்துவிடும். ஐஎம்இஐயின் முதல் 8 இலக்கம் மாடலுக்கென்றே கொடுப்பது. டிஸ்பிளே உடைந்திருந்தால் அட்டைப்பெட்டியிலும் அந்த எண் இருக்கும்.

வெண்ணாறு:
தம்பி, சரிதான். ஆனால் பெட்டியை நம்பாதே. செகண்ட் ஹேண்டில் பெட்டி ஒரு போனுக்கு, போன் ஒரு பெட்டிக்கு என்று வருவதை வாரா வாரம் பார்க்கிறேன். போனில் அடித்த எண்ணும் பெட்டியில் ஒட்டிய எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் பெட்டியைப் பேச வேண்டும். போர்டு மாற்றிய போனில் ஐஎம்இஐ போர்டோடு போய்விடும், வெளிக்கூடு பழையதாகவே இருக்கும். அதையும் கவனி.

கடைமடை:
பெட்டியையும் நம்பக் கூடாது, செட்டிங்ஸையும் நம்பக் கூடாது, கடைக்காரரை மட்டும் நம்ப வேண்டும். நல்ல நியாயம். என் பெட்டி இதோ பக்கத்தில் இருக்கிறது. நோட் 9 ப்ரோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. 64.

கல்லணைக்கால்வாய்:
ஒரு சந்தேகம். டிஸ்பிளேயும் டச்சும் சேர்ந்த காம்போ வாங்கப் போனால் 9 ப்ரோ, ப்ரோ மேக்ஸ், போகோ எம்2 ப்ரோ எல்லாவற்றுக்கும் ஒன்றையேதானே எடுத்துக் கொடுக்கிறார்கள்? எல்லாம் 6.67 அங்குலம். அப்புறம் மாடல் நம்பருக்கு என்ன அவசியம்?

கடைமடை:
கேட்டாரே ஒரு கேள்வி! பதில் சொல்லுங்கள், வெண்ணாறு சார்.

வெண்ணாறு:
சொல்கிறேன். அக்காவுக்கு டிஸ்பிளே மட்டும் போயிருந்தால் நான் இவ்வளவு எழுதவே மாட்டேன். கேமராவும் போயிருக்கிறது. 48 போட வேண்டிய இடத்தில் 64ஐக் கொண்டுபோய் வைக்க முடியாது. சாஃப்ட்வேர் போட்டாலும் இதே கதைதான். 9எஸ்ஸுக்கும் இந்திய 9 ப்ரோவுக்கும் உள்ளே குர்தானா என்று ஒரே குறிப்பெயர். வெளிநாட்டு 9 ப்ரோவுக்கு ஜாய்யூஸ். பேரைப் பார்த்து வேறு போனின் சாஃப்ட்வேரை ஏற்றிவிட்டு, போன் செத்துப்போச்சு என்று என் டேபிளுக்குத்தான் தூக்கி வருகிறார்கள். 2021இல் நோட் 10 லைட் என்று ஒன்று வந்ததே, அதுவும் இந்திய 9 ப்ரோதான். புதுப் பேர், அவ்வளவுதான்.

விவசாயக் குடும்பம் என்பதால் இப்படிச் சொல்கிறேன். சிஆர் 1009 நெல் ரகத்தை ஒருவர் சாவித்திரி என்கிறார், இன்னொருவர் பொன்மணி என்கிறார். நெல் ஒன்றுதானே?

கடைமடை:
நெல்லைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம். வேதாரண்யம் பக்கம் கடைமடையில் தலைமுறை தலைமுறையாகச் சம்பா போடுகிறவர்கள் நாங்கள். சிஆர் 1009 வேறு, சிஆர் 1009 சப் 1 வேறு. வயலில் தண்ணீர் நின்றால் சாதா 1009 அழுகிவிடும், சப் 1 பத்து நாளுக்கு மேலும் தாங்கும். இரண்டையும் ஒன்று என்று நினைத்து விதை வாங்கினவன் கதி என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் வந்து கேளுங்கள். டவுனில் உட்கார்ந்து போன் நோண்டுகிறவருக்கு இது எங்கே தெரியும்?

வெண்ணாறு:
நான் சப் 1ஐப் பேசவே இல்லை. ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள். பின்னால் ஒட்டியிருக்கிற சப் 1ஐப் பார்க்காமல் விதை வாங்கக் கூடாது, சரி. அப்படியென்றால் மாடல் நம்பரின் நடுவில் ஏவா பியா என்று பார்க்காமல் சாமான் மட்டும் எப்படி வாங்கலாம்?

கடைமடை:
விதைக்குச் சான்று அட்டை இருக்கிறது. அதில் ரகத்தின் பேர் இருக்கிறது. பேரைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். நான் சொன்னதும் அதுதான், பேர்.

கல்லணைக்கால்வாய்:
டெல்டாவில் பாதிப் பேர் சாதா 1009ஐ இன்னும் போடுகிறார்கள், ஒன்றும் அழுகிவிடவில்லை. வடிகால் வெட்டாமல் விதையைக் குறை சொல்லக் கூடாது.

கடைமடை:
உங்களுக்கு எந்த ஊர்?

கல்லணைக்கால்வாய்:
அறந்தாங்கி.

கடைமடை:
அறந்தாங்கிக்காரர் டெல்டா விவசாயம் பேசுகிறார். புதுக்கோட்டை மாவட்டம் எப்போது டெல்டாவில் சேர்ந்தது?

கல்லணைக்கால்வாய்:
2020இல் போட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று மாவட்டத்தோடு கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள் இருக்கின்றன. அறந்தாங்கி அதில் ஒன்று. கல்லணைக் கால்வாயில் வருவதும் காவிரித் தண்ணீர்தான். உங்களுக்குத் தண்ணீர் வராத கோபத்தை எங்கள் மேல் காட்டாதீர்கள்.

கடைமடை:
தலைமடையில் இருப்பவர்கள் முழுக்க எடுத்துக்கொண்டால் கடைமடைக்கு எங்கிருந்து வரும்? அதைப் பேசலாமா?

குடமுருட்டி:
அண்ணே, போன் விஷயம்.

வெண்ணாறு:
தண்ணீர் விஷயத்தைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஒரு அம்மா ஓடிபிக்காகக் காத்திருக்கிறார்.

கடைமடை சார், சார்ஜர் விவாதத்திலும் இப்படித்தான் செய்தீர்கள். இந்திய 9 ப்ரோவுக்கு 18 வாட், ப்ரோ மேக்ஸுக்கு 33 வாட் என்று நான் எழுதினேன். வெளிநாட்டு 9 ப்ரோவுடைய 30ஐக் கொண்டுவந்து வைத்து எல்லாரையும் குழப்பினீர்கள். அன்றைக்கும் பேரைத்தான் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு தடவையாவது மாடல் நம்பரை எடுத்துப் போட்டீர்களா?

கடைமடை:
அன்றைக்கு நான் சொன்ன 30 சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கு 64ம் சரிதான். நான் எதற்கு மாடல் நம்பர் போட வேண்டும்? அதை வைத்து நீங்கள் என்ன செய்வீர்களோ!

வெண்ணாறு:
மாடல் நம்பரை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மாடலில் விற்ற எல்லாப் போனுக்கும் அது ஒன்றேதான். ஐஎம்இஐயைத்தான் பொதுவில் போடக் கூடாது. அது ஒவ்வொரு போனுக்கும் தனி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் சர்வீஸ்காரனைத் திருடன் என்கிறீர்கள்.

வடவாற்றங்கரை:
வெண்ணாறு தம்பி, பாதி ஸ்கிரீனில் பார்த்தேன். எம்2003ஜே6ஏ1ஜி என்று இருக்கிறது.

வெண்ணாறு:
அக்கா, அதேதான். டிஸ்பிளேக்கும் கேமராவுக்கும் இந்தியா நோட் 9 ப்ரோ என்றே கேளுங்கள். கேமரா 48 என்று அழுத்திச் சொல்லுங்கள். சாஃப்ட்வேரை மட்டும் யாரையும் தொட விடாதீர்கள், உங்கள் போனில் இருப்பது குளோபல், அதாவது வெளிநாட்டுக்கானது. முன்னால் டேட்டாவை எடுத்து வைத்துவிடுங்கள்.

கடைமடை:
அக்கா, 9எஸ் என்று தெளிவாக இருக்கும்போது 9 ப்ரோ சாமான் வாங்காதீர்கள். அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது. 9 ப்ரோ 64 மெகாபிக்சல்.

வெண்ணாறு:
இந்தியாவில் 48.

கடைமடை:
என் பெட்டியில் இந்தியா என்று ஒரு எழுத்துகூட இல்லை. நோட் 9 ப்ரோ என்றுதான் இருக்கிறது. 64.

வெண்ணாறு:
துபாய்ப் பக்கத்துப் பெட்டியில் இந்தியா என்று எப்படி இருக்கும்? மாடல் நம்பரைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். அதுவரைக்கும் நான் இங்கேதான் இருக்கிறேன்.