ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ: முன்பக்க இன்டர்கூலர் போடலாமா, எந்த அளவில்?

திருவொற்றியூர் ஆர்எஸ்:

வணக்கம். என்னிடம் 2005ஆம் ஆண்டு ஆக்டேவியா ஆர்எஸ் இருக்கிறது. 1.8 லிட்டர் டர்போ, கம்பெனி கணக்கில் 150 குதிரைத்திறன். எனக்கு முன் வைத்திருந்தவர் இசியூவில், அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில், மென்பொருளை மாற்றியிருக்கிறார். பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) 1 பார் வரை ஏறுகிறது. என்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது, எண்ணெய் குடிப்பதில்லை.

வேலை அம்பத்தூரில், வீடு திருவொற்றியூரில். மாலையில் மாதவரம் ரவுண்டானா தாண்டி மணலி வழியாக வருகிறேன். எம்எஃப்எல் (மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ்) சந்திப்பு பக்கம் கன்டெய்னர் லாரிகளின் நடுவே சிக்கினால் எவ்வளவு நேரம் ஆகும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அதிலிருந்து வெளியே வந்து சாலை காலியானதும் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி சோர்ந்துபோய்க் கிடக்கிறது. வண்டியின் கணினியைப் படிக்கும் விசிடிஎஸ் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே போகும் காற்றின் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டுகிறது, அதன் 020ஆம் பகுதியில் பார்த்தால் நான்கு சிலிண்டர்களிலும் இக்னிஷனை (பெட்ரோலைப் பற்றவைக்கும் நேரத்தை) இசியூ பின்னுக்கு இழுக்கிறது. காலையில் குளிர்ந்த என்ஜினுடன் கிளம்பும்போது இந்தத் தொல்லை கிடையாது.

டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை முன்பக்கம் வைப்பது பற்றி ஒரு கடையில் கேட்டேன். 600×300×76 மிமீ கூலர், இரண்டரை அங்குலக் குழாய், பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தை நடுவில் வெட்டிவிடலாம் என்றார்கள். விலையைவிட அந்த "வெட்டிவிடலாம்" தான் உறுத்துகிறது. இவ்வளவு பெரிய கூலர் தேவையா? ஏசி என்ன ஆகும்? கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வண்டி நிற்கிறது, அலுமினியம் உப்புக் காற்றைத் தாங்குமா?

கும்மிடிப்பூண்டி வேகம்:

பெரியதையே போடுங்கள் நண்பரே. என் வண்டியில் கிரில்லை நிறைக்கும் அளவுக்குக் கூலர் இருக்கிறது. கொல்கத்தா நெடுஞ்சாலையில் எவ்வளவு நேரம் மிதித்தாலும் காற்றின் வெப்பம் 50ஐத் தாண்டுவதில்லை. பாதி அளவில் வாங்கிவிட்டு நாளைக்கு டர்போவை மாற்ற நினைத்தால் மறுபடியும் செலவுதானே?

துறைமுகத்து ஃபிட்டர்:

தம்பி, முந்தைய பதிலில் சொல்லியிருப்பது அவருடைய சாலைக்குச் சரி. உங்கள் சாலைக்குச் சரியா என்பதுதான் கேள்வி. நான் துறைமுகத்தில் டீசல் என்ஜின் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பல் என்ஜினிலும் டர்போவுக்குப் பின்னால் கூலர் உண்டு. அங்கே காற்றைக் குளிர்விப்பது தண்ணீர் என்பதால், கப்பல் நின்றாலும் பம்ப் ஓடினால் கூலர் வேலை செய்யும். உங்கள் வண்டியில் காற்றைக் குளிர்விப்பது காற்றேதான். வண்டி நின்றால் கூலரும் ஏறக்குறைய நின்றுவிடும், அது முன்பக்கம் நடுவில் இருந்தாலும் பம்பரின் மூலையில் இருந்தாலும்.

கணக்கைப் பாருங்கள். வெளியே 35 டிகிரி. டர்போ அந்தக் காற்றை இரண்டு மடங்கு அழுத்துகிறது. உங்கள் 1 பார் பூஸ்ட் என்பதன் பொருள் அதுதான். டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால் காற்று சுமார் 130 டிகிரியில் வெளியே வரும். நல்ல கூலர் அந்தக் கூடுதல் வெப்பத்தில் 70 சதவீதத்தை எடுத்துவிடும். என்ஜினுக்குள் போவது 65 டிகிரி அளவில் இருக்கும். பாதியை மட்டும் எடுக்கும் கூலரானால் 83. இந்த வித்தியாசத்தால் காற்றின் அடர்த்தியில் இழப்பது ஐந்தாறு சதவீதம்தான். உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. சூடான காற்றால் என்ஜின் நாக் அடிக்கிறது (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிக்கிறது), அதைத் தடுக்க இசியூ இக்னிஷனைத் தாமதப்படுத்துகிறது. நீங்கள் சோர்வு என்று சொல்வது இதைத்தான். அதனால் முதலில் நாக்கைத் தாங்கும் அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டு அதே சாலையில் அதே 020ஐப் பாருங்கள். சாதாரணப் பெட்ரோலில் ஓட்டிக்கொண்டு கூலரைக் குறை சொல்வது நியாயமில்லை.

அடுத்து, இப்போதைய கூலரைக் கண்ணால் பார்த்தீர்களா? இந்த வண்டியில் அது வலது முன்சக்கரத்துக்கு முன்னால், பம்பரின் மூலைக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். சிறிய பெட்டி. காற்று வரும் வாய் சிறியது, சூடான காற்று வெளியேறச் சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறையில் உள்ள துளைகள்தான் வழி. 20 வருடத்து மணலித் தூசி அதில் என்ன செய்திருக்கும் என்று கழற்றிப் பார்க்காமல் புதிதாக எதையும் வாங்காதீர்கள்.

அதற்குப் பிறகும் முன்பக்கம்தான் வேண்டும் என்றால், 600×300×76 வேண்டாம். 300 மிமீ உயரத்தில் கணிசமான பகுதி பம்பர் சட்டத்துக்குப் பின்னால் மறைந்து நிற்கும். அந்தப் பகுதிக்குக் காற்றே வராது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் (ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் பாகம்) ரேடியேட்டருக்கும் போக வேண்டிய காற்றை அது மறித்துவிடும். நெரிசலில் உங்களுக்கு உதவுவது ரேடியேட்டர் விசிறி இழுக்கும் காற்று மட்டுமே. அதன் முகத்தில் 76 மிமீ தடிமனுக்கு அலுமினியக் கட்டியை வைத்தால் மே மாதத்தில் எம்எஃப்எல் சந்திப்பில் ஏசி வெறும் விசிறியாகிவிடும்.

ஆர்எஸ் பம்பரில் கீழ்க் கிரில் அகலமானது. அதன் திறப்பை அளந்து, அந்த உயரத்துக்குள் அடங்கும் கூலரை வாங்குங்கள். 550 அகலம், 180 முதல் 200 வரை உயரம், 60க்கு மிகாத தடிமன். உங்கள் சிறிய டர்போவுக்கு இதுவே தாராளம். கூலரில் இரண்டு வகை. தடித்த பட்டைகளை அடுக்கிய பார்-பிளேட் வகை கனமானது, அடி தாங்கும், சூடேற நேரம் பிடிக்கும். ஆனால் ஒருமுறை சூடேறிவிட்டால் ஆறவும் நேரம் பிடிக்கும். மெல்லிய குழாய்களும் தகடுகளும் (ஃபின்) கொண்ட டியூப்-ஃபின் வகை இலேசானது, பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் காற்றை விடும், சாலை திறந்ததும் சீக்கிரம் ஆறும். பந்தயத் தளத்தில் சுற்றுவதானால் முதல் வகையைச் சொல்வேன். உங்கள் மாலை நேரத்துக்கு இரண்டாவது.

கூலரைவிட முக்கியமானது அதைச் சுற்றி அடைக்கும் வேலை. பம்பரின் திறப்புக்கும் கூலரின் விளிம்புக்கும் நடுவே இடைவெளி விட்டால் காற்று சுலபமான வழியில் ஓரமாகப் போய்விடும். மெல்லிய அலுமினியத் தகடும் ரப்பர் பட்டையும் வைத்து நான்கு பக்கமும் மூடுங்கள். எந்தக் கடையும் இதைத் தானாகச் செய்யாது, ஏனென்றால் புகைப்படத்தில் தெரியாது.

உப்புக் காற்றைப் பற்றி: வெறும் அலுமினியம் தன் மேல் தானே ஒரு படலம் போட்டுக்கொண்டு தாங்கும். அரிப்பது அலுமினியமும் இரும்பும் தொடும் இடம். பிராக்கெட்டில் ரப்பர் புஷ் போடுங்கள், போல்ட்டில் கிரீஸ் தடவுங்கள். கறுப்பு நிறம் வேண்டுமென்றால் மெல்லியதாக ஒரு பூச்சு போதும். பவுடர் கோட்டிங் கனமாக ஏறினால் வெப்பம் வெளியே போவது குறையும். வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராக நீட்டினால் ஃபின்கள் படுத்துவிடும்.

கப்பலில் இன்னொரு தலைவலி உண்டு. ஈரமான காற்றை அழுத்திக் குளிர்வித்தால் கூலருக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும். அதற்கென்று வடிகால் வைத்திருப்பார்கள். யாராவது சென்னையின் ஈரப்பதத்தைச் சொல்லி உங்கள் கூலரில் வடிகால் துளை போடச் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். 65 டிகிரிக் காற்றில் தண்ணீர் தங்காது.

மணலி புதுநகர்:

ஃபிட்டர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பம்பருக்குப் பின்னால் இருக்கும் சட்டம் மோதலின் வேகத்தை வாங்குவதற்காக வைத்தது. அதை வெட்டிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுக்காரர் முதலில் அதைத்தான் புகைப்படம் எடுப்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 15 ஆண்டு தாண்டிய வண்டி என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர் முன் நிறுத்தியாக வேண்டும். என்ன மாற்றினாலும் பழைய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள், திரும்ப மாட்டக்கூடிய வகையில் செய்யுங்கள்.

திருவொற்றியூர் ஆர்எஸ்:

ஐயா, சொன்னபடி சக்கரத்தைக் கழற்றி உள் உறையை எடுத்தேன். கூலரின் முகத்தில் பாதிக்கு மேல் மண்ணும் காய்ந்த இலையும். அவற்றோடு ஒரு பால் பாக்கெட் உருகி ஃபின்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அதில் நீல எழுத்து இன்னும் தெரிந்தது. கீழ் ஹோஸைக் கழற்றியதும் ஒரு தேக்கரண்டி அளவு எண்ணெய் வந்தது. சுத்தம் செய்து, அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டு அதே சாலையில் வந்தேன். காற்றின் வெப்பம் ஓரளவு இறங்கியிருக்கிறது. இக்னிஷன் பின்னுக்குப் போவது இரண்டு சிலிண்டர்களில் மட்டும், அதுவும் குறைவாக.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஓட்டும் ஆசை இருக்கிறது. கீழ்க் கிரில் அளவுக்கே, நீங்கள் சொன்ன மெல்லிய கூலரையே வாங்குகிறேன். சட்டத்தை வெட்டப்போவதில்லை. அந்த எண்ணெய் டர்போ போய்விட்டதற்கான அறிகுறியா? குழாய் வேலையை எங்கே செய்யலாம்?

துறைமுகத்து ஃபிட்டர்:

பால் பாக்கெட் கிடைத்ததா? நல்லது, கூலர் விலையில் கொஞ்சம் அங்கேயே மிச்சம்.

ஒரு தேக்கரண்டி எண்ணெய்க்குப் பயப்பட வேண்டாம். கிராங்க்கேஸ் ஆவி (என்ஜினின் அடிப்பகுதியிலிருந்து வரும் எண்ணெய் கலந்த ஆவி) டர்போ வழியாகப் போகும் எந்த வண்டியிலும் அவ்வளவு படியும். ஹோஸைக் கவிழ்த்தால் ஊற்றும் அளவுக்கு இருந்து, புகையும் நீலமாக வந்தால் டர்போவின் சீலைச் சந்தேகப்படலாம்.

குழாய் வழி உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. இப்போது காற்று டர்போவிலிருந்து வலப்பக்க மூலைக்கு வந்து, குளிர்ந்து, மறுபடி இடப்பக்கம் டிராட்டிலுக்கு (என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வாய்) கடந்து போகிறது. முன்பக்கக் கூலரில் வலப்பக்கம் நுழைந்து இடப்பக்கம் வெளியே வந்துவிடும், அந்தக் குறுக்குக் குழாய் தேவைப்படாது. இரண்டு அங்குலக் குழாய் போதும். இரண்டரை போட்டால் நிரப்ப வேண்டிய கொள்ளளவு கூடும், மிதித்ததும் பூஸ்ட் வருவது தாமதமாகும். உங்கள் டர்போவுக்கு அதனால் வேறு இலாபம் எதுவும் இல்லை.

அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் செய்யும் பட்டறைகள் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலேயே இருக்கின்றன, நீங்கள் வேலை பார்க்கும் இடம்தானே. போகும்போது இரண்டைச் சொல்லிச் செய்யவைக்க வேண்டும். ஒன்று, ஹோஸ் ஏறும் ஒவ்வொரு குழாய் முனையிலும் சுற்றிலும் புடைத்த விளிம்பு வேண்டும். வழவழப்பான முனையில் கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் 1 பார் அழுத்தத்தில் ஹோஸ் கழன்றுவிடும். மற்றொன்று, பூஸ்ட்டை அளக்கும் சென்சார். உங்கள் வண்டியில் அது பழைய கூலரின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. புதிய கூலரில் அதற்கு இடம் இருக்காது. கூலரிலிருந்து டிராட்டிலுக்குப் போகும் குழாயில் சென்சாரைப் பொருத்தும் துளையுள்ள தட்டு (ஃபிளாஞ்ச்) ஒன்றை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு பம்பரை மாட்டி முடித்த பிறகு கையில் சென்சாரோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பட்டறையிலிருந்து வந்ததும் குழாய்களை நேராக மாட்டாதீர்கள். வெட்டிய, அரம் போட்ட அலுமினியத் துகள் உள்ளே இருக்கும். கூலருக்குப் பின்னால் வடிகட்டி எதுவும் கிடையாது, அந்தத் துகள் போகும் இடம் சிலிண்டர்தான். மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கிக் கழுவி, காற்றடித்து, குழாயை ஒரு வெள்ளைத் துணிமேல் கவிழ்த்துக் கட்டையால் தட்டுங்கள். துணியில் மினுக்கு விழுந்தால் மறுபடியும் கழுவுங்கள். ஒன்றும் விழாத வரைக்கும் இதேதான் வேலை.

கிளாம்ப் வாங்கும்போது டி-போல்ட் வகை கேளுங்கள். திருகாணியில் ஓடும் சாதாரணக் கிளாம்பின் பற்கள் சிலிகோன் ஹோஸை அறுக்கும். ஹோஸ் உள்பக்கமும் குழாய் முனையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்திருக்க வேண்டும்.

பம்பரை மாட்டும் முன் கசிவுச் சோதனை. டர்போவின் காற்று நுழையும் வாயில் பிவிசி மூடி ஒன்றைப் போட்டு, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள். பங்சர் கடை கம்ப்ரஸரில் மெதுவாக அரை பார் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவுங்கள். நுரை பொங்கும் இடம் கசிவு. எண்ணெய் மூடி, டிப்ஸ்டிக் பக்கம் கொஞ்சம் காற்று சத்தம் கேட்டால் கவலை வேண்டாம், அது என்ஜினுக்குள் போய் வருவது. பிறகு விசிடிஎஸ்ஸின் 115ஆம் பகுதியில் இசியூ கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும் ஒன்றையொன்று ஒட்டிப் போகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. கூலரும் குழாயும் இப்போது தரைக்கு நெருக்கமாக இருக்கும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்றால், முன்னால் பஸ் போகிறதே என்று பின்தொடராதீர்கள். அதன் உயரம் வேறு, உங்களுடையது வேறு.

கும்மிடிப்பூண்டி வேகம்:

ஏசி விஷயத்தில் ஐயா சொன்னது உண்மைதான். என் வண்டியில் நெரிசலில் ஏசி திணறும். நான் நெரிசல் பக்கமே போவதில்லை என்பதால் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் பூஸ்ட்டில் தாமதம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திருவொற்றியூர் ஆர்எஸ்:

நன்றி ஐயா. கூலருக்குச் சொல்லிவிட்டேன், 550×180×55, டியூப்-ஃபின். சென்சார் ஃபிளாஞ்ச் கடையில் கிடைக்கவில்லை, லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாமா? துளையின் அளவு தெரியுமா?

துறைமுகத்து ஃபிட்டர்:

கடைந்துகொள்ளலாம். அளவை என்னிடம் கேட்காதீர்கள், சென்சாரையே கழற்றி லேத்காரர் கையில் கொடுங்கள். ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) புதிதாக வாங்கிப் போட்டு, அது இறுக்கமாக நுழையும்படி கடையச் சொல்லுங்கள். பழைய ஓ-ரிங் தட்டையாகியிருக்கும். அதற்கு அளவெடுத்தால் புதியது உள்ளே போகாது.