லைசென்ஸ் முடிந்துபோன தம்பி ஓட்டிய கார் விபத்து: கிளெய்மில் என்ன எழுதுவது?

நிலாமுற்றம்:

வணக்கம். கார் என் பெயரில் இருக்கிறது, இன்சூரன்ஸ் முழுசாக, நடப்பில் இருக்கிறது. போன வாரம் என் தம்பி எடுத்துக்கொண்டு போனபோது பக்கத்துச் சாலையிலிருந்து திரும்பிய ஒரு பைக்கோடு மோதிவிட்டது. பைக்கில் வந்தவருக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. தம்பிதான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தான், போலீசுக்கும் அவனே சொன்னான், எஃப்ஐஆர் ஆகிவிட்டது. தவறு யார் மேல் என்பதில் இரண்டு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். காரின் முன்பக்கம், ரேடியேட்டர், ஒரு பக்கக் கதவு எல்லாம் போச்சு.

கிளெய்ம் படிவம் நிரப்பும்போதுதான் தம்பியின் லைசென்ஸ் இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது தெரிந்தது. இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் "ஓட்டினது நீங்கதான்னு போட்டுடுங்க மேடம், உங்க லைசென்ஸ் கரெக்டா இருக்குல்ல" என்கிறார்கள். மாமா ஒருவர், உடனே புதுப்பித்தால் முடிந்த தேதியிலிருந்தே கணக்கு வந்துவிடும் என்கிறார். இன்னொருவர் முப்பது நாள் சலுகை உண்டு என்கிறார், ஆனால் நமக்கு அதுவும் தாண்டிவிட்டது. எனக்குக் கார் செலவைவிட அந்த மனிதரின் சிகிச்சைப் பணம் நின்றுவிடுமோ என்பதுதான் உறுத்தல். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாட்சிக்கூண்டு:

சகோதரி, மோட்டார் விபத்து வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் அந்தச் சலுகை, தேதிக் கதைகளை முடித்துவிடலாம். முடிந்த பிறகும் முப்பது நாள் செல்லும் என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் நிஜமாகவே இருந்தது, 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய ஞாபகத்தில் இன்னும் பலர் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது முடிந்த ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மறுபடி ஓட்டிக் காட்டாமல் புதுப்பிக்கலாம், ஒரு வருடம் தாண்டினால் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். ஆனால் புதுப்பித்த தேதியிலிருந்துதான் அது செல்லும். விபத்து நடந்த நாளைப் பின்னால் போய்ச் சரிசெய்ய அதனால் முடியாது. தம்பி இன்றே விண்ணப்பிக்கட்டும், அது இனி ஓட்டுவதற்காக, இந்தக் கிளெய்முக்காக அல்ல.

அடுத்து, உங்கள் விஷயத்தில் இரண்டு கிளெய்ம் இருக்கிறது, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். ஒன்று உங்கள் காரின் சேதம், ஓன் டேமேஜ் என்பதைச் சுருக்கி ஓடி என்பார்கள். அதில் பாலிசியில் ஓட்டுநர் பற்றிய வரியை எடுத்துப் படியுங்கள். விபத்து நடந்த நேரத்தில் ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். இது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம், ஆகவே அந்தப் பணம் வருவது கஷ்டம்தான். சிலர் 75 சதவீதமாவது கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்திருக்கிறது என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுப்பார்கள். அந்த வழக்கு சொந்த உபயோகக் காரை வாடகைக்கு விட்டது பற்றியது, லைசென்ஸ் பற்றியது அல்ல. கேட்டுப் பார்க்கலாம், அதை நம்பிக் கடன் வாங்கி ரிப்பேர் செய்யாதீர்கள்.

இரண்டாவது அடிபட்டவரின் கிளெய்ம், அதாவது தேர்டு பார்ட்டி. இங்கே நிலைமை வேறு. 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ஓட்டுநரிடம் சரியான உரிமம் இல்லை என்று காட்டினால் மட்டும் நிறுவனம் தப்பித்துவிட முடியாது, வண்டியின் உரிமையாளர் அக்கறை இல்லாமல் இருந்தார் என்பதையும் நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும் என்று சொன்னது. பல வழக்குகளில் நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவாகும். கோர்ட் வட்டாரத்தில் பே அண்ட் ரெகவர் என்பார்கள். 2018இல் சிங் ராம் வழக்கில் உரிமம் காலாவதியான நிலைமைக்கே அப்படித்தான் உத்தரவிட்டார்கள். அதற்கு முன் 2008இல் வித்யாதர் மகாரிவாலா வழக்கில் நிறுவனத்துக்குப் பொறுப்பே இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள், அதையும் மறைக்கக் கூடாது. தவிர இந்தத் தீர்ப்புகள் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பைச் சொல்லும் பழைய 149ஆம் பிரிவை வைத்து வந்தவை. 1.4.2022 முதல் அந்த இடத்தில் 150ஆம் பிரிவு வந்திருக்கிறது, சொற்கள் மாறியிருக்கின்றன, உங்கள் வக்கீல் புதிய பிரிவைப் படித்துவிட்டுத்தான் பதில் மனு போட வேண்டும்.

ஆக அடிபட்டவருக்குப் பணம் கிடைக்க வழி இருக்கிறது, ஆனால் அது கடைசியில் உங்கள் தலையில் வந்து நிற்கலாம். வசூலிக்கிற உத்தரவு ஆகிவிட்டால் நிறுவனம் தனியாக வழக்குப் போடக்கூட வேண்டாம், இழப்பீட்டை விசாரித்த அதே மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் நிறைவேற்று மனு போட்டு உங்கள் சொத்தின் மேல் வரலாம். அதனால் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்தால் "இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்று விட்டுவிடாதீர்கள். உங்களுக்கென்று தனி வக்கீல் வைத்து ஆஜராகுங்கள். நான் பார்த்த வரையில் உரிமையாளர்கள் அதிகம் இழப்பது லைசென்ஸ் முடிந்ததனால் அல்ல, கோர்ட்டுக்குப் போகாமல் எக்ஸ்பார்ட்டி ஆனதனால், அதாவது தங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடுவதனால்.

ஓய்வுபெற்ற சர்வேயர்:

அம்மா, ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அவருக்கு வேண்டியது அவருடைய பில் பாஸாவது, கையெழுத்துப் போடப் போவது நீங்கள். இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தவன் சொல்கிறேன், ஓட்டுநரை மாற்றி எழுதிய கிளெய்ம்தான் மிகச் சுலபமாக மாட்டும். தம்பி பெயர் எஃப்ஐஆரில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் யார் கொண்டுவந்து சேர்த்தார் என்று எழுதியிருப்பார்கள். அடிபட்டவர் வாக்குமூலம் இருக்கிறது, தெருவில் கேமரா இருக்கிறது, அந்த நேரத்தில் உங்கள் போன் எங்கே இருந்தது என்பது வரைக்கும் தோண்டலாம். ஓடி கிளெய்ம் போவது ஒரு நஷ்டம், பொய்ச் சொல்லி மாட்டினால் மோசடி வழக்கு. இன்னொன்று, உரிமையாளர் நேர்மையாக நடந்துகொண்டார் என்று தீர்ப்பாயத்தில் சொல்ல உங்களுக்கு இருக்கிற ஒரே வாய்ப்பும் அதோடு போய்விடும். ஸ்வரண் சிங் தீர்ப்பு உதவ வேண்டுமென்றால் உங்கள் பேச்சை நீதிபதி நம்ப வேண்டும்.

அதற்காகத் தகவலே சொல்லாமலும் இருக்காதீர்கள். கார் பணம் எப்படியும் வராது, எதற்குச் சொல்வது என்று சிலர் விட்டுவிடுவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவுப்படி இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியது ஓட்டியவரின் கடமை. எப்போது, எங்கே, யாருக்கு அடி, ஓட்டியவர் பெயர், அவருடைய உரிம விவரம், பாலிசி எண், அது செல்லும் காலம், இவ்வளவும் இருந்தால் போதும். தாமதம் என்று இன்னொரு காரணத்தை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டாம். சர்வே முடியும் வரை காரைப் பிரிக்க விடாதீர்கள்.

அப்புறம் ஒரு விஷயம், எல்லோரும் கோட்டைவிடுவது. தம்பியின் அட்டையை மறுபடி எடுத்துப் பாருங்கள். இரண்டு தேதி இருக்கும், என்டி என்று சொந்த வாகனத்துக்கு ஒன்று, டிஆர் என்று வாடகை, சரக்கு வாகனத்துக்கு ஒன்று. டிஆர் தேதி சீக்கிரம் முடியும். அதைப் பார்த்துவிட்டு லைசென்ஸே போய்விட்டது என்று பதறியவர்களும் உண்டு, அதை வைத்தே கிளெய்மை மறுத்த அலுவலர்களும் உண்டு. சொந்தக் கார் ஓட்டியவருக்கு என்டி தேதி நடப்பில் இருந்தால் பிரச்சினையே இல்லை. அட்டையை மட்டும் நம்பாமல் அரசின் பரிவாகன் தளத்தில் உரிம எண்ணைப் போட்டும் பாருங்கள்.

நிலாமுற்றம்:

இருவருக்கும் மிக்க நன்றி. அட்டையைப் பார்த்தேன், தளத்திலும் பார்த்தேன். தம்பிக்கு டிஆர் கிடையாது, என்டி தேதிதான் முடிந்திருக்கிறது. ஆகவே அந்த வழி இல்லை. ஓட்டியவர் தம்பி என்றே எழுதி இன்று மெயில் அனுப்பிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. அடிபட்டவரின் அண்ணன் வந்து, கேஸ் எல்லாம் வேண்டாம், ஒரு தொகை கொடுத்தால் முடித்துக்கொள்ளலாம் என்கிறார். அப்படிக் கொடுப்பது சரியா? இன்னொன்று, பைக் தவறான பக்கம் திரும்பியது என்று உறுதியானால், லைசென்ஸ் இல்லாதது அப்போதும் எங்களுக்கு எதிராகவே வருமா?

சாட்சிக்கூண்டு:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். லைசென்ஸ் இல்லை என்பதும் கவனக்குறைவாக ஓட்டினார் என்பதும் வேறு வேறு. 2008இல் சுதீர் குமார் ராணா வழக்கில், உரிமமே இல்லாமல் ஓட்டிய ஒரு சிறுவன் விஷயத்திலேயே, அதை மட்டும் வைத்து அவன் பங்குக்குத் தவறு என்று சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். பைக்கில் வந்தவர் தவறு என்று நிரூபணமானால் உங்கள் கார் சேதத்துக்கு அந்த பைக்கின் இன்சூரன்ஸ் மீது நீங்களே மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். இங்கே நீங்கள் தேர்டு பார்ட்டி, உங்கள் பாலிசியின் ஓட்டுநர் வரி அங்கே குறுக்கே வராது. சொந்த பாலிசியில் மறுத்ததும் இந்த வழியை யோசிக்காமலே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். திருத்திய சட்டத்தில் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் என்று கெடு வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்ட விடாதீர்கள். சாலைச் சந்திப்பின் படங்கள், சறுக்கல் தடம், பக்கத்துக் கடை கேமரா பதிவு இருந்தால் அழியும் முன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போலீசிலும் எழுதிக் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும். 181ஆம் பிரிவில் தம்பிக்கும், 180இல் வண்டியைக் கொடுத்த உங்களுக்கும் தலா ஐயாயிரம் ரூபாய் அபராதம் வரலாம், மூன்று மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. அவனிடம் உரிமம் இருந்ததும் முன்பு சரியாக இருந்ததும் உங்களுக்குத் தெரியும், முடிந்தது தெரியாது, அதுதான் உண்மை என்றால் அதையே சொல்லுங்கள். 2020இல் பேலி ராம் வழக்கில், வேலைக்கு வைத்த டிரைவரின் உரிமம் புதுப்பிக்கப்பட்டதா என்று முதலாளி பார்த்திருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அங்கே மூன்று வருடமாகப் புதுப்பிக்காமல் இருந்தார்கள். உங்களுடையது இரண்டு மாதம், அவன் சம்பளத்துக்கு வைத்த டிரைவரும் அல்ல. இந்த வித்தியாசத்தை உங்கள் வக்கீல் அழுத்திச் சொல்ல வேண்டும்.

பாதசாரி:

சமரசம் பற்றி நான் சொல்கிறேன், நான் ஒருமுறை அடிபட்ட தரப்பில் இருந்தவன். அவருடைய அண்ணன் கையில் பணம் கொடுக்காதீர்கள். அடிபட்டவருக்கே, வங்கி வழியாக, ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துக் கொடுங்கள், எதற்காகக் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இப்போது கொடுப்பதை "சிகிச்சை உதவி" என்று எழுதுங்கள், "முழுத் தீர்வு" என்று அவரிடம் கையெழுத்து வாங்க அவசரப்படாதீர்கள். மணிக்கட்டு முறிவு சேர்ந்த பிறகுதான் கை எவ்வளவு வேலை செய்யும் என்று தெரியும். எனக்கு அப்படி முதல் வாரத்திலேயே கையெழுத்து வாங்கினார்கள், இரண்டாவது ஆபரேஷன் வந்தபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் தினக்கூலி என்றால் அவருக்கு வேலை இல்லாத மாதங்களும் இருக்கின்றன. அவரும் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று நீங்களே சொன்னால் நல்லது.

ஓய்வுபெற்ற சர்வேயர்:

பாதசாரி சொன்னது சரி. அதோடு, நிறுவனத்துக்குத் தெரியாமல் தவறை ஒப்புக்கொண்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா, பாலிசியிலேயே அதற்குத் தடை இருக்கும். மனிதாபிமானமாகக் கொடுக்கிறேன், பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை என்ற வரி அந்தத் தாளில் இருக்கட்டும், ஒரு பிரதியை நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.

ஓடி கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், போனில் சொன்னால் ஏற்காதீர்கள். முதலில் அவர்களுடைய குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், கட்டணம் கிடையாது. உங்கள் விஷயத்தில் ஜெயிப்பது கடினம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நிலாமுற்றம்:

புரிந்தது. அடிபட்டவரை நாளைக்கு நேரில் பார்க்கப் போகிறோம். தம்பி புதுப்பிக்க ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டான். அந்த ரசீதை வைத்துக்கொண்டு அவன் ஓட்டலாமா?

சாட்சிக்கூண்டு:

கூடாது. புதுப்பித்த உரிமம் தளத்தில் ஏறும் வரை சாவியை நீங்களே வைத்திருங்கள்.